தூக்கும் அதிகாரம்: கம்பெனியிடமா, அரசிடமா, கோர்ட்டிடமா?

2019 ஏப்ரல் 3 அன்று, டிக்டாக் செயலியை யாரும் தரவிறக்க முடியாதபடி செய்யச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. இரண்டு வாரத்தில் கூகுளும் ஆப்பிளும் தங்கள் ஸ்டோர்களிலிருந்து அதை எடுத்துவிட்டன. வழக்கு டெல்லியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்த் திரும்பியது. ஏப்ரல் 24 அன்று அதே மதுரைக் கிளை தடையை விலக்கிக்கொண்டது. அடுத்த வருடம் ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை போட்டபோது டிக்டாக் மறுபடியும் போனது, இந்த முறை ஒரேயடியாக. இத்தனைக்கும், மதுரையில் வழக்கு நடந்த நாள்களிலேயே, தன் விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று இந்தியாவிலிருந்து வந்த 60 லட்சத்துக்கும் மேலான வீடியோக்களை நீக்கிவிட்டதாக டிக்டாக்கே சொல்லியிருந்தது.

கோர்ட், அரசு, கம்பெனி. ஒரே செயலியின் கதையில் மூன்று பேருமே கத்தரியைக் கையில் எடுத்திருக்கிறார்கள். யார் எடுத்தது சரி என்று டீக்கடையில் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். எனக்கு அதை எழுத்தில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. ஆன்லைனில் விற்கும் மதுரைச் சின்ன வியாபாரிகள் சிலர் எம்.பி.யிடம் கொடுக்க ஒரு மனு தயாரிக்கிறார்கள். முதல் வரைவில் ஒரே ஒரு கோரிக்கைதான்: எந்த இணைய நிறுவனத்துக்கும் யாருடைய கணக்கையும், யாருடைய தளத்தையும் நீக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு என்பதால், பார்த்துத் திருத்திக் கொடு என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அவர்கள் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தக் கோரிக்கை அப்படியே சட்டமாகிவிட்டால் முதலில் அடிபடப்போவது அவர்கள்தான்.

கம்பெனி இஷ்டப்படி நீக்கலாம் என்றால்

இப்போது நடைமுறையில் இருப்பது கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்காவில் 1996இல் வந்த சட்டத்தின் 230ஆம் பிரிவு, பயனர் எழுதியதற்கு நிறுவனம் பொறுப்பில்லை என்றது. நல்லெண்ணத்தோடு எதையாவது நீக்கினாலும் பொறுப்பில்லை என்றது. நம் ஊரில் 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு அதே மாதிரியான ஒரு பாதுகாப்பைத் தருகிறது. அப்புறம் நாம் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்திவிட்ட ஒப்பந்தம் இருக்கிறது. கணக்கை எப்போது வேண்டுமானாலும் முடக்கலாம் என்று அதில் எங்காவது ஒரு வரி கட்டாயம் இருக்கும்.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு, அதை மறுக்க முடியாது: வேகம். 2023 கடைசி மூன்று மாதத்தில் யூடியூப் இந்தியாவில் மட்டும் 22 லட்சத்துக்கும் மேலான வீடியோக்களை நீக்கியது. அதே வருடம் நவம்பர் மாதம் மட்டும் வாட்ஸ்அப் முடக்கிய இந்தியக் கணக்குகள் 71 லட்சத்துக்கும் மேல். வீட்டிலிருந்தே வேலை என்று ஆசை காட்டிப் பணம் பறிப்பவர்கள், போலி லோன் ஆசாமிகள், அரிவாளைக் காட்டி சாதிப் பெருமை பேசி ரீல்ஸ் போடும் விடலைகள் எல்லாம் இந்தக் கூட்டத்தில் அடக்கம். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு ஊர்த் திருவிழாவுக்கு முந்தின நாள் அப்படி ஒரு வீடியோ சுற்ற ஆரம்பித்தால், அது எத்தனை மணி நேரத்தில் காணாமல் போகிறது என்பதில்தான் அந்த ஊரின் அமைதியே இருக்கிறது.

இனி அடுத்த பக்கம். முனிச்சாலைப் பக்கம் ஓர் அக்கா வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறார். சாயம் போட்டுக் காயவைத்த சேலையை மொட்டைமாடியில் விரித்து, முடிச்சு அவிழ்க்கும்போது புள்ளிகள் வெளிவருவதைப் போனில் படம் பிடித்துப் போடுவார். அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் ஆர்டர் வரும். யாரோ ஒருவன் அவர் படங்களை அப்படியே எடுத்து, பேரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி இன்னொரு பேஜ் தொடங்கினான். முன்பணம் வாங்குவான், சேலை அனுப்ப மாட்டான். ஏமாந்தவர்கள் அக்காவுக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். அக்கா அந்தப் போலியைப் பற்றிப் புகார் கொடுத்தார். அடுத்த வாரம் முடங்கியது அக்காவின் கணக்கு. போலி அப்படியே இருந்தது. எதிராளி நாலு பேரைச் சேர்த்து ரிப்போர்ட் அடித்துத் தூக்கிவிட்டான் என்பது அக்காவின் கணிப்பு. உண்மை என்னவென்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. 'எங்கள் சமூக விதிமுறைகளை மீறியுள்ளீர்கள்' என்று ஒரு வரி. எந்த விதி, எந்தப் படம், என்றைக்குப் போட்டது, ஒன்றும் இல்லை.

"என்ன தப்புன்னு சொன்னாத்தானே தம்பி திருத்திக்க முடியும்? ஒண்ணுமே சொல்லாமத் தூக்குனா யாரப் போயி கேக்குறது?" என்றார்.

மேல்முறையீட்டுப் பொத்தான் இருந்தது. நான்தான் அழுத்திக் கொடுத்தேன். முகத்தை இடதும் வலதுமாகத் திருப்பி வீடியோ எடுக்கச் சொன்னது. அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எடுத்தார். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. எந்த மனிதரும் அதைப் பார்த்திருக்க வழியில்லை. அதெல்லாம் பங்குனிக் கடைசியில். பருத்திச் சேலை விற்கிறவர்களுக்குச் சித்திரைதான் சீசன். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கே திரும்பிவிட்டார், கணக்கு திரும்பவில்லை. வைகாசியில் ஒரு நாள் தானாக வந்து நின்றது, போனபோது எப்படிக் காரணம் சொல்லவில்லையோ அப்படியே வந்தபோதும்.

படிக்காதவர்கள், விவரம் தெரியாதவர்கள்தான் இப்படி மாட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு 2019இல் முடக்கப்பட்டது. அவர் முகப்பில் வைத்திருந்தது ஒரு பழைய ஜெர்மானியப் புகைப்படம். 1936இல் ஹாம்பர்க் கப்பல் தளத்தில் கூட்டமே கை நீட்டி நாஜி வணக்கம் வைக்க, ஒரே ஒரு தொழிலாளி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாஜிகளை எதிர்த்தவரின் படம் வெறுப்புப் படமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழி அவருக்குத் தெரியும். குஜராத்தில் ஒரு பொறியாளர், சிறு வயதில் பாட்டி தன்னைக் குளிப்பாட்டிய படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி வைத்திருந்தார். குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படம் என்று இயந்திரம் முடிவு செய்து, 2023இல் கணக்கையே மூடிவிட்டது. மெயில் உட்பட எல்லாம் போய், மறு வருடம் அவர் உயர் நீதிமன்றப் படி ஏறினார்.

இவை தவறிப்போய் நடந்தவை. தெரிந்தே செய்வதும் உண்டு. 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில் பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து எடுக்கத் தொடங்கியது கூகுள். சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. ஆபாசமோ வெறுப்போ எதுவும் இல்லை, கமிஷன் விவகாரம். அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாளில் திரும்ப வைத்தார்கள். அமைச்சர் வரை போக முடிந்த கம்பெனிக்குச் சரி. முனிச்சாலை அக்காவுக்கு?

இன்னொரு சிக்கலை இந்தப் பக்கத்து ஆட்கள்தான் நன்றாக உணர முடியும். ஜல்லிக்கட்டு செல்லும் என்று 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆனால் உலகம் முழுவதற்கும் ஒரே விதி எழுதும் கம்பெனியின் கண்ணில், மாட்டின் திமிலைப் பிடித்துத் தொங்கும் வீடியோ எப்படித் தெரியும்? அலங்காநல்லூர் வாடிவாசலைப் பார்த்தே இராத ஒருவரோ, அல்லது ஒரு இயந்திரமோ அதை விலங்கு வதை என்று எடுத்துக்கொண்டால், நம் நாட்டுச் சட்டம் அனுமதித்ததை வேறு நாட்டு விதிப்புத்தகம் தடுத்ததாகிவிடும். கம்பெனிக்குக் கட்டற்ற அதிகாரம் கொடுப்பதில் எனக்குள்ள பெரிய தயக்கமே இதுதான். விதி எழுதுகிறவர் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை.

யாருக்கும் நீக்கும் அதிகாரம் இல்லை என்றால்

மனுவின் முதல் வரைவு சொன்னது இதை. உலகத்தில் இதற்கு முன்னுதாரணம் தேடினால் அமெரிக்காவின் டெக்ஸாஸ், புளோரிடா மாநிலங்கள் 2021இல் கொண்டுவந்த சட்டங்கள் கொஞ்சம் பக்கத்தில் வருகின்றன. டிரம்பின் கணக்குகள் முடக்கப்பட்ட சூட்டில் வந்தவை. டெக்ஸாஸ் சட்டம், பெரிய தளங்கள் ஒருவரின் கருத்துக்காக அவரை நீக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளையும் கீழ் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பியது. ஆனால் எதை வைப்பது, எதை எடுப்பது என்று தளம் முடிவெடுப்பதும் பத்திரிகை ஆசிரியரின் வேலை போன்ற ஒரு பேச்சுரிமைதான் என்ற போக்கில் பேசியது.

சட்ட நுணுக்கம் இருக்கட்டும். அக்காவின் போலி பேஜை எடுத்துக்கொள்வோம். நீக்கும் அதிகாரமே கிடையாது என்றால் அந்தப் போலியும் நீங்காது. அக்கா கேட்பது உண்மையில் இரண்டு: என்னைத் தூக்காதே, அவனைத் தூக்கு. வரைவில் முதல் பாதி மட்டும் எழுதப்பட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அரசு முடிவு செய்தால்

கம்பெனிக்காரன் வெளிநாட்டான், அரசு நம்முடையது, அவர்களிடமே கொடுத்துவிடலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி மத்திய அரசு எந்தத் தளத்தையும் கணக்கையும் முடக்கச் சொல்லலாம். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்கள் வேண்டும். 2009இல் போட்ட விதிகளில் ஒன்று, இந்தப் புகார்களும் நடவடிக்கைகளும் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. அதனால், முடக்கப்பட்டவருக்கே ஏன் என்று தெரியாமல் போகலாம். கம்பெனியாவது 'விதியை மீறினீர்கள்' என்று ஒரு வரி அனுப்புகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இதை அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பு 2025இல் கிடைத்தது. விகடன் பிளஸ் இதழில் ஒரு கார்ட்டூன்: டிரம்புக்கு அருகில் கைவிலங்கோடு பிரதமர் மோடி. பிப்ரவரி 15 அன்று மாலை முதல் விகடன் தளமே பலருக்குத் திறக்கவில்லை. முன்கூட்டி அறிவிப்பு இல்லை. ஒரு கார்ட்டூனுக்காக, 1926இல் தொடங்கிய பத்திரிகைக் குழுமத்தின் சமையல் குறிப்பு, ராசிபலன், விவசாயப் பகுதி, பழைய பேட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். மார்ச் 6 அன்று, அந்தக் கார்ட்டூன் பக்கத்தை மட்டும் இப்போதைக்கு எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. கார்ட்டூன் சரியா தப்பா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஒரு பக்கத்துக்கான சண்டையில் தளம் முழுவதும் மூன்று வாரம் அடைபட்டுக் கிடந்ததை யார் நியாயப்படுத்துவார்கள் என்று தெரியவில்லை.

கம்பெனியே அரசை எதிர்த்து நின்றாலும் வழி சுலபமில்லை. முடக்க உத்தரவுகளை எதிர்த்து ட்விட்டர் கர்நாடக உயர் நீதிமன்றம் போனது. 2023 ஜூன் 30 அன்று மனு தள்ளுபடியானதோடு 50 லட்சம் ரூபாய் அபராதமும் விழுந்தது. இன்னும் கீழே இறங்கினால் தூத்துக்குடி. 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையமே நிறுத்தப்பட்டது. வதந்தி பரப்பியவனும், ஆஸ்பத்திரியில் கிடக்கும் தம்பியைத் தேடியவனும் ஒரே மாதிரி துண்டிக்கப்பட்டார்கள். அரசின் கையில் இருக்கும் கருவி அவ்வளவு மொண்ணை. கம்பெனி செய்யும் தவறு ஒரு கணக்கை அடிக்கிறது. அரசு செய்யும் தவறு மாவட்டத்தையே அடிக்கலாம். நான் ஒப்பிட்ட வழிகளில் எனக்கு மிகக் குறைவாகப் பிடித்தது இதுதான். பெரியவரிடம் அப்படியே சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

கோர்ட் சொன்னால் மட்டும்

கொள்கை அளவில் இதுதான் சுத்தமான வழி. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் புண்படும்படி எழுதினால் சிறை என்ற 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 79ஆம் பிரிவுக்கும் ஒரு விளக்கம் கொடுத்தது. யாரோ ஒருவர் புகார் சொன்னார் என்பதற்காகக் கம்பெனி நீக்கியே ஆக வேண்டியதில்லை. கோர்ட் உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால் நீக்க வேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனால் அது 'எப்போது கட்டாயம் நீக்க வேண்டும்' என்ற கேள்விக்கான பதில். தானாக நீக்கும் கம்பெனியை அது கட்டிப்போடவில்லை.

எல்லா நீக்கத்துக்கும் கோர்ட் உத்தரவு வேண்டும் என்று வைத்துக்கொண்டு, மேலே சொன்ன 22 லட்சம் வீடியோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 24 ஆயிரம் வருகிறது. மேலமடை தாண்டி ஒத்தக்கடைப் பக்கம் போகும் எவருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் ஏற்கெனவே எவ்வளவு கூட்டம் என்று தெரியும். இதையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டினால் பட்டா வழக்கும் ஜாமீன் மனுவும் எங்கே போவது?

நேரம் இன்னொரு பிரச்சினை. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம் வெளியாகிவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில், இப்படிப் பரவிய படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்லி மத்திய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கறிஞர் என்பதால் கோர்ட்டுக்கு வழி தெரிந்தது. உசிலம்பட்டியிலிருந்து காலேஜுக்கு பஸ்ஸில் வரும் பிள்ளை, வீட்டில் சொல்லவே பயந்துகொண்டு, வக்கீல் வைத்து வழக்குப் போடும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா? இந்த மாதிரிப் படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2021இல் வந்த மத்திய அரசு விதிகள் நேரடியாகக் கம்பெனிகளுக்கே சொல்லின. அந்த ஓர் இடத்தில் கோர்ட்டைத் தாண்டிப் போனது சரி என்றே நினைக்கிறேன்.

எந்தப் படியில் இருக்கும் கம்பெனி?

இதுவரை 'கம்பெனி' என்று ஒரே சொல்லில் சொல்லிக்கொண்டு வந்தேன். மனுவிலும் அப்படித்தான் இருந்தது. என் தொழிலில் அது செல்லாது. ஒரு கடைக்கு வெப்சைட் போட்டால் அதற்குக் கீழே ஐந்தாறு கம்பெனிகள் இருக்கின்றன. டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரியை விற்றவர், சர்வர் வாடகைக்குக் கொடுத்தவர், தாக்குதல் வராமல் நடுவில் நிற்பவர், பணம் வாங்கிக் கொடுக்கும் பேமெண்ட் கேட்வே, கடைசியில் வீட்டுக்கு ஃபைபர் இழுத்தவர். இவர்களில் யார் கைவிட்டாலும் கடை மூடிவிடும். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்காரர் தகராறு செய்யும் ஆளை வெளியே போ என்று சொல்வது வேறு. அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்று மின்வாரியம் அவர் வீட்டு ஃபியூஸைப் பிடுங்குவது வேறு.

இந்த வித்தியாசம் உலகத்துக்கு உறைத்த இடம் 2017 ஆகஸ்ட். அமெரிக்காவில் சார்லட்ஸ்வில் ஊரில் வெள்ளை இனவெறியர்களின் ஊர்வலத்தை எதிர்த்து நின்ற ஒரு பெண் கொல்லப்பட, இறந்தவரையே கேலி செய்து எழுதியது டெய்லி ஸ்டார்மர் என்ற நவநாஜித் தளம். டொமைன் விற்கும் கோடாடி முதலில் கைவிட்டது, பிறகு கூகுள், பிறகு தாக்குதல் வராமல் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர். அந்தத் தளத்துக்காகக் கண்ணீர் விட எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் கிளவுட்ஃபிளேரின் தலைவர் மேத்யூ பிரின்ஸ் தன் ஊழியர்களுக்கு எழுதியதுதான் முக்கியம்: காலையில் எரிச்சலோடு எழுந்தேன், ஒருவர் இணையத்தில் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன், இப்படியோர் அதிகாரம் யாருக்கும் இருக்கக் கூடாது. செய்தவரே சொன்னது. இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவின் எல் பாசோ துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, பெயர் சொல்லாமல் யாரும் எழுதக்கூடிய 8சான் தளத்தையும் அதே கம்பெனி கைவிட்டது.

நல்லவர்கள் மேல் இந்த ஆயுதம் திரும்பாது என்று நினைத்தால், 2010 டிசம்பரைப் பாருங்கள். அமெரிக்கத் தூதரக ரகசியத் தந்திகளை வெளியிட்ட விக்கிலீக்ஸுக்கு அமேசான் சர்வரை மறுத்தது. பேபால், விசா, மாஸ்டர்கார்டு பணம் வரும் வழியை அடைத்தன. எந்தக் கோர்ட்டும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டு அரசியல் என்று ஒதுக்கவும் முடியாது. நெடுஞ்சாலையில் நாம் பெட்ரோல் போடும் நயாரா பங்க்குகளை நடத்தும் கம்பெனிக்கு 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. ரஷ்யாவின் ராஸ்நெஃப்டுக்கு அதில் பங்கு உண்டு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. அந்தத் தடையைக் காட்டி, இந்தியாவில், காசு கொடுத்து வாங்கிய மெயிலையே ஊழியர்களால் திறக்க முடியாமல் செய்துவிட்டார்கள். நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போனது; சில நாளில் சேவை திரும்பியது. அவ்வளவு பெரிய சுத்திகரிப்பு நிறுவனத்துக்கே அந்த நிலை.

ஆகவே என் கணக்கில் விடை ஒன்றல்ல, இரண்டு. பேச்சு நடக்கும் மேல்தளத்தில், அதாவது யூடியூப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மாதிரியான இடங்களில், கம்பெனிக்கு நீக்கும் அதிகாரம் இருக்கட்டும், முறையோடு. அடித்தளத்தில் இருப்பவர்கள், டொமைன், சர்வர், பேமெண்ட், ஃபைபர் ஆட்கள், கோர்ட் உத்தரவு இல்லாமல் கை வைக்கக் கூடாது. வைரஸ் பரப்புவது, குழந்தைகளைச் சீரழிக்கும் படம், கண்ணெதிரே நடக்கும் பண மோசடி ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. செயலி ஸ்டோர்களை எங்கே சேர்ப்பது என்பதில் எனக்கே இழுபறிதான்; ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் தாண்டிச் செயலி ஏற்றும் ஆள் மதுரையில் எத்தனை பேர்? அதனால் அடித்தளத்திலேயே சேர்த்தேன்.

முறையோடு என்றால் எப்படி?

புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2021 விதிகளிலேயே பாதி இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளம் தானாக ஒன்றை நீக்கினால், காரணத்தோடு பயனருக்குத் தகவல் சொல்ல வேண்டும், மறுத்துப் பேச வாய்ப்புத் தர வேண்டும். குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். விதி வந்தபோது அவருக்கு 15 நாள் கெடு. அவர் பதிலில் திருப்தி இல்லையென்றால், 2023 ஜனவரியில் அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் கட்டி வக்கீல் வைக்க வேண்டியதில்லை. அக்காவுக்கு இப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது. அவரைப் போன்ற எத்தனையோ பேருக்குத் தெரியாது. கணக்கு முடங்கியதும் வரும் திரையில் அந்தக் குழுவின் முகவரியைத் தமிழில் போட வேண்டும் என்று ஒரு வரி விதியில் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். குழு உறுப்பினர்களை மத்திய அரசே நியமிக்கிறது என்பது குறைதான், ஆனாலும் ரகசிய உத்தரவைவிட எவ்வளவோ மேல்.

ஐரோப்பாவில் 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. எந்த விதி, எந்த உள்ளடக்கம், முடிவெடுத்தது இயந்திரமா என்பதை எழுத்தில் தர வேண்டும். கோர்ட்டுக்கு வெளியே ஒரு தீர்வு அமைப்புக்குப் போகும் உரிமையும் உண்டு.

தண்டனைக் காலமும் முக்கியம். டிரம்பை ஃபேஸ்புக் நீக்கியதை ஆராய்ந்த, அந்தக் கம்பெனியே அமைத்த மேற்பார்வைக் குழு 2021 மேயில் சொன்னது எனக்குப் பிடித்தது: அன்றைய நிலையில் நீக்கியது சரி, ஆனால் எத்தனை நாள் என்றே சொல்லாமல் விட்டது தப்பு. பிறகுதான் இரண்டு வருடம் என்று கெடு வைத்தார்கள். அப்போது முன்னாள் அதிபராக இருந்தவருக்குக் கிடைத்த அந்தக் கெடு சேலைக்கடைக்கும் கிடைக்கலாமே.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்பதால் என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வது: சொந்த டொமைன் ஒன்று வாங்கி உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள், செய்து கொடுத்தவர் பெயரில் வேண்டாம். வாடிக்கையாளர் போன் நம்பர்களை நோட்டிலாவது எழுதி வையுங்கள். படங்களின் ஒரிஜினலைப் போனுக்கு வெளியே ஓர் இடத்தில் வையுங்கள். யார் முதலில் எடுத்தது என்று நிரூபிக்க அதுதான் உதவும். கணக்கு போகும் நாள் வரை யாரும் இதைக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

மனுவின் புது வரைவில் இப்போது நாலு கோரிக்கைகள். அடித்தள நிறுவனங்களுக்குக் கோர்ட் உத்தரவு. மேல்தளத்தில் நீக்கும்போது குறிப்பிட்ட பதிவையும் விதியையும் தமிழில் காட்டுவது. மேல்முறையீட்டை ஒரு மனிதர் பார்ப்பது. 69ஏ உத்தரவு பாதிக்கப்பட்டவர் கைக்கு வருவது. மூன்றாவதில்தான் இன்னும் சண்டை ஓடுகிறது. மனிதர் பார்க்க எத்தனை நாள்? நான் மூன்று வேலை நாள் என்று எழுதியிருந்தேன். அக்கா 'வேலை' என்பதை அடித்துவிட்டார். அவருக்கு சனி ஞாயிறில்தான் ஆர்டர் அதிகம். நகைக்கடை வைத்திருக்கும் இன்னொருவருக்கு அது சம்மதமில்லை. மூன்று நாளில் பார்க்காவிட்டால் கணக்கைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அவர் கடை பேரில் போலி பேஜ் நடத்தியவனும் மூன்று நாளில் திரும்பி வந்துவிடுவான் என்கிறார். பணம் வாங்கி ஏமாற்றியதாகப் போலீஸ் புகார் எண் இருந்தால் அந்தக் கெடு பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்திருக்கிறேன். பொய்ப் புகார் கொடுத்து அந்த வரியையே ஆயுதமாக்கினால் என்ன செய்வது என்று அக்கா கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு மறுபடி உட்காருகிறோம்.